மியாவ்ஃபெங் மலையின் கஞ்சிப் பந்தல்கள்

சீனாவில் கோயில் திருவிழாவை மியாவ்ஹுயி என்பார்கள். இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் சீனர்களிலேயே பலருக்கு நினைவுக்கு வருவது சிவப்பு லாந்தர், குச்சியில் கோத்துச் சர்க்கரைப்பாகில் தோய்த்த பழம், காகிதக் காற்றாடி, அப்புறம் கூட்டம். பெய்ஜிங்கில் ஒரு புத்தாண்டு சமயம் பூங்காவில் நடந்த மியாவ்ஹுயிக்குப் போனேன், சுட்ட கறி விற்கும் கடைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நசுங்கி நடந்தேன், சாமி கும்பிடுகிற ஒரு ஆளைக்கூடப் பார்க்கவில்லை. வியாபாரம் கூடாது என்று சொல்லவில்லை, கோயில் இருந்த இடத்தில் சந்தையும் எப்போதும் இருந்ததுதான். ஆனால் இதுதான் மியாவ்ஹுயி என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை, ஏனென்றால் நான் மியாவ்ஃபெங்ஷானைப் பார்த்தவன்.

பெய்ஜிங்கின் மேற்கே மென்தொகோவ் பகுதியில் இருக்கிற மலை அது. உச்சியில் பிஷியா யுவான்ஜுன் என்கிற பெண் தெய்வம். இந்தப் பெயரைச் சொல்கிறவர்கள் குறைவு, மக்களுக்கு அவள் நியாங்நியாங், அதாவது அம்மன். பிள்ளை வரம் கேட்டும் நோய் தீரவும் அவளிடம் வருகிறார்கள். பக்கத்திலேயே வாங் சான் பாட்டிக்கும் ஒரு சன்னதி. வைத்தியம் பார்த்த சாதாரண கிராமத்துக் கிழவி, செத்த பிறகு சாமியானவள். சீனச் சந்திர நாட்காட்டியின் நான்காம் மாதம் முதல் தேதியிலிருந்து பதினைந்து நாள் விழா.

இந்த விழாவைத் தூக்கி நிறுத்தியவர்கள் ஷியாங்ஹுயி என்கிற பக்தர் சங்கத்தார். ஆளுக்கொரு வேலையை நேர்ந்துகொண்டு வருவார்கள். ஒரு சங்கம் மலைப்பாதையில் பந்தல் போட்டுத் தேநீரும் கஞ்சியும் ஊற்றும், ஒரு சங்கம் ராத்திரி ஏறுகிறவர்களுக்காக வழியெல்லாம் விளக்கேற்றும், இன்னொன்று பாதையைச் செப்பனிடும். செருப்புத் தைக்கிறவர்களுக்கு ஒரு சங்கம், நடந்து நடந்து பிய்ந்துபோன செருப்பை அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுப்பார்கள். பந்தலில் உடைந்த பீங்கான் கிண்ணத்துக்குச் சின்ன உலோகக் கொக்கிகளால் தையல் போட என்றே ஒரு சங்கம் இருந்தது என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. யாரும் ஒரு காசு வாங்கக் கூடாது. சிங்க ஆட்டக்காரர்கள், பொய்க்கால் கட்டி ஆடுகிறவர்கள், கொடி கட்டிய பெரிய மூங்கில் கம்பத்தை நெற்றியில் நிறுத்துகிறவர்கள், எல்லோருக்கும் இதே விதிதான்: வண்டியும் சாமானும் நம்முடையதாக இருக்கணும், குடிக்கிற தேநீருக்குக்கூட யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது.

1925-இல் கு ஜியேகாங் என்ற வரலாற்றாய்வாளர் பீக்கிங் பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு பேரோடு மூன்று நாள் இங்கே வந்தார். படித்தவர்கள் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிக்கொண்டிருந்த காலம். அவர் பாதையோரம் சங்கங்கள் ஒட்டியிருந்த அறிவிப்புத் தாள்களை நின்று நின்று எழுதி எடுத்தார். அந்தத் தாள்கள் இல்லையென்றால் நமக்குப் பாதி தெரிந்திருக்காது. பிறகு போர் வந்தது, கலாச்சாரப் புரட்சி வந்தது, கோயில் இடிந்தது. 1980-களில் திரும்பக் கட்டினார்கள், 1990-களில் விழாவும் திரும்பியது, 2008-இல் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

பட்டியலில் சேர்த்தது சரி. ஆனால் கேமராக்கள் எல்லாம் சிங்கத்தின் பின்னால்தான் ஓடுகின்றன. ஆட்டத்தை எந்த மேடையிலும் ஆடிக் காட்டலாம். காசு வாங்க மாட்டோம் என்ற அந்த நேர்த்திக்கடன்தான் போனால் திரும்பாத பொருள், காப்பாற்ற வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். அது போய்விட்டால் இதுவும் இன்னொரு பூங்காச் சந்தை.

விழா நேரத்தில் ஏறியபோது நானும் ஒரு பந்தலில் ஒதுங்கினேன். இறங்கி வருகிறவர்கள் தலையில் சிவப்பு வெல்வெட் பூ. அந்தப் பூவின் பெயர் ரோங்ஹுவா, செல்வச் சிறப்பு என்பதற்கான சீனச் சொல்லுக்கும் கிட்டத்தட்ட அதே ஓசைதான், அதனால் அதைச் சூடிக்கொண்டால் அம்மன் தந்த நல்வாழ்வை வீட்டுக்குக் கொண்டுபோவதாக நம்பிக்கை. எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா கிண்ணம் நிறையக் கஞ்சியும், ஆவியில் வெந்த மந்தோ ரொட்டி ஒன்றும் என் கையில் வைத்தார். குடித்து முடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் பர்ஸை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து அதைத் திரும்பப் பைக்குள் தள்ளிவிட்டு, காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுத்தவருக்கு ஊற்றப் போய்விட்டார்.