அந்தக் கோபுரப் படம் போலி

கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. 2001-இல் விமானங்கள் மோதி இடிந்த நியூயார்க் இரட்டைக் கோபுர உச்சியில் ஒருவர் நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் விமானம். ‘இடிபாட்டில் கிடைத்த கேமரா, நிற்பவர் நம்ம ஓசூர்க்காரர்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

பொய். நிற்பவர் ஹங்கேரி நாட்டுக்காரர், படம் 1997-இல் எடுத்தது. விமானத்தை அவரே பிறகு ஒட்டினார், நண்பர்களிடம் விளையாட்டுக்கு. திறந்தவெளிப் பார்வைத் தளம் தெற்குக் கோபுரத்தில்தான் இருந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று அது திறக்கும் முன்பே, காலை 9.03-க்கு, விமானம் மோதிவிட்டது. மோதியவை போயிங் 767 ரக விமானங்கள், ஒட்டியிருப்பது 757 ரகம். அந்த வெயில் நாளில் குளிர்கோட்டும் தொப்பியும் வேறு!

இடிபாட்டில் கேமரா கிடைத்தது உண்மைதான், ஆனால் அது வேறு ஆளுடையது. பில் பிகார்ட் என்ற செய்திப் புகைப்படக்காரர் வடக்குக் கோபுரம் சரிந்தபோது இறந்தார். அவர் கடைசியாக எடுத்த படங்கள் மீட்கப்பட்டன. பகிர்வதென்றால் அவற்றைப் பகிருங்கள்.