அந்தக் கட்டை என்னுடையது

சனிக்கிழமை என் மகளின் பள்ளி ஆண்டுவிழாவில் போட்ட 'டிரெஷர் ஐலண்ட்' நாடக வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பாதிப் பேர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள், நான் வருத்தப்பட்டதற்குப் பதிலும் எழுதினீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த ஒற்றைக்கால் கடல்கொள்ளைக்காரன் வேடம் போட்ட பையன் அக்குளில் வைத்திருந்த ஊன்றுகட்டை என்னுடையது. "நாடகத்துக்கு வேணும்ணா, ரெண்டே நாள்ல தந்துடறோம்" என்று பள்ளியிலிருந்து ஒரு மிஸ் கடைக்கே வந்து கேட்டார். என்ன நாடகம் என்று நான் கேட்கவில்லை. துடைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

பையன் மூன்று தடவை விழுந்தான். மூன்று தடவையும் கூட்டம் சிரித்தது. மூன்றாவது தடவை விசில் அடித்தார்கள். என் மகள் ஏழாம் வகுப்பு, பாட்டுக் குழுவோடு மேடை ஓரத்தில் நின்றிருந்தாள். எல்லோரும் சிரிக்கும்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் மேடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, சொல்லிக் கொடுத்ததைச் செய்தான். நான் சொல்வது ஒன்றுதான். கால் போவது ஒரு குணம் இல்லை. காய்ச்சல் வருவது குணமா? முடி நரைப்பது குணமா? பிறகு ஏன் கதையில் ஒருவன் கெட்டவன் என்று காட்ட வேண்டுமென்றால் முதலில் அவன் காலை வெட்டிவிடுகிறீர்கள்?

"கதைதானே அண்ணா, அதுவும் பழைய கிளாசிக்" என்று எழுதியவர்களுக்கு: அந்தப் புத்தகத்தை நான் படித்திருக்கிறேன். 2011-ல் தேயிலை மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டி கவிழ்ந்து வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு எட்டு மாதம் வீட்டில் கிடந்தேன். அப்போது அக்கா மகன் கொண்டுவந்து போட்ட புத்தகங்களில் 'டிரெஷர் ஐலண்ட்' இருந்தது. 1883-ல் புத்தகமாக வந்தது. அதை எழுதிய ஸ்டீவன்சன் தன் நண்பர் ஹென்லியை மனதில் வைத்துத்தான் அந்த ஒற்றைக்கால் கொள்ளைக்காரன் சில்வரை உருவாக்கினார். ஹென்லி கவிஞர், பத்திரிகை ஆசிரியர், எலும்புக் காசநோயில் முழங்காலுக்குக் கீழே கால் போனவர், என்னைப் போலவே. அந்த நண்பரின் நல்ல குணங்களை எல்லாம் கழித்துவிட்டு, பலம், தைரியம், சுறுசுறுப்பு, கலகலப்பு இவற்றை மட்டும் விட்டுவைத்துப் பாத்திரம் செய்ததாக ஸ்டீவன்சனே பிறகு எழுதியிருக்கிறார். நல்ல குணத்தைக் கழித்தார், காலை மட்டும் திருப்பித் தரவில்லை.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருக்கும் சில்வர் மேடையில் விழுந்த அந்த ஆள் இல்லை. கட்டையை ஊன்றிப் பறவை மாதிரி தத்திப் போவான், ஆடுகிற கப்பலில் அடுப்பு வேலை பார்ப்பான். ஒரு இடத்தில் மணலும் மரத்தின் அடிக்கட்டைகளுமாக இருக்கும் மேட்டில் ஏறுவதற்குப் படாத பாடு படுகிறான். பேசி முடித்து எழுந்திருக்கக் கை கேட்கிறான், யாரும் கை கொடுப்பதில்லை, ஊர்ந்து போய் வாசலைப் பிடித்து எழுந்துகொள்கிறான். அதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு 64 படி, மழையில் பாசி பிடித்துக் கிடக்கும், அந்த மேடு எனக்குத் தெரியும். அந்தக் காட்சியை நாடகத்தில் வைத்திருந்தால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியிருப்பேன். நீங்கள் வைத்தது வழுக்கி விழுவதை, அதுவும் மூன்று தடவை.

சில்வர் மட்டுமா? 'மோபி டிக்' நாவலில் திமிங்கலத்திடம் காலைப் பறிகொடுத்த கேப்டன் ஆகாப் வெறி பிடித்துக் கப்பலையே மூழ்கடிக்கிறான். பீட்டர் பேன் கதையில் கை போன இடத்தில் கொக்கி மாட்டியவனுக்குப் பெயரே அதுதான், ஹூக். அவனுடைய உண்மையான பெயரைக் கதை சொல்வதே இல்லை.

வெள்ளைக்காரன் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. எங்கள் அம்மாச்சி முப்பது வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். கூடைப் பட்டையை நெற்றியில் மாட்டி மாட்டி, கடைசியில் முதுகு நிமிரவே இல்லை. லயத்துப் பிள்ளைகள் கூனி என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் நானும் கூப்பிட்டேன், எட்டு வயசு. அம்மாச்சி அடிக்கவில்லை. ராத்திரி ராமாயணக் கதை சொல்லும்போது மந்தரை வந்த இடத்தில் நிறுத்தி, "சும்மா நடந்து போனவ முதுகுல மண் உருண்டைய விட்டு அடிச்சது யாரு கண்ணு? அவ மறக்கல. அடிச்சவங்கதான் மறந்துட்டாங்க" என்றார். பின்னால் கம்பனில் தேடிப் பார்த்தேன். சிறுவயதில் இராமன் வில்லால் அடித்த உண்டையை அவள் உள்ளத்தில் வைத்திருந்தாள் என்று கம்பனே சொல்கிறார். ஆனால் அவள் மேடைக்கு வருவதே 'கொடுமனக் கூனி' என்றுதான். கூனும் கொடுமனமும் ஒரே மூச்சில். அம்மாச்சியின் முதுகை வளைத்தது தேயிலை, அவர் மனசை எதுவும் வளைக்கவில்லை.

திரும்பவும் சொல்கிறேன், உடம்பில் ஒன்று குறைவது குணம் இல்லை.

"கொஞ்சம் தாழ்வு மனப்பான்மை சார் உங்களுக்கு" என்று ஒருவர். இருக்கலாம், அது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. 2012-ல் பெண் பார்க்கப் போன வீட்டில், காபி குடித்து முடிப்பதற்குள் ஒரு பெரியவர் "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதையால்ல இருக்கு" என்றார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். தேன் எடுப்பது எப்படி என்று நீலகிரிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். எங்கள் மலையின் குறும்பர் பழங்குடியினர் உயிரைப் பணயம் வைத்துப் பாறையில் கொடி கட்டி இறங்கி எடுக்கிறார்கள், இரண்டு காலும் நன்றாக இருக்கிற நாமெல்லாம் பாட்டிலில் வாங்கிச் சாப்பிடுகிறோம். அந்த வீட்டில்தான் பெண் எடுத்தேன். அந்தப் பெரியவர் இப்போது பொங்கலுக்கு வந்தால் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் 64 படியும் இறங்குகிறார். அன்று சொன்னதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

இன்னொரு பக்கம் "நீங்கதான்ணா எங்களுக்கு இன்ஸ்பிரேஷன்" என்று கைகூப்பிய படம் போடுகிறவர்கள். உங்கள் அன்பு புரிகிறது, ஆனால் அதுவும் வேண்டாம். நான் காலையில் ஜெராக்ஸ் கடை திறக்கிறேன், சாயங்காலம் சாத்துகிறேன், பக்கத்துக் கடைக்காரரும் அதைத்தான் செய்கிறார், அவருக்கு யாரும் கைகூப்புவதில்லை. கதையில் எங்களுக்கு மூன்றே இடம்தான்: வில்லன், பிச்சைக்காரன், இல்லாவிட்டால் தெய்வப்பிறவி. பால் வாங்கப் போகிற, பிள்ளையைத் திட்டுகிற, கடன் கட்ட மறந்துபோகிற ஆளாக ஒரு கால் இல்லாதவனை எங்கே காட்டியிருக்கிறீர்கள்?

சிரிக்கவே கூடாதா என்று கேட்டால், சிரிக்கலாம். நம் இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் கால் வராது. கண் தெரியாதவர் தோளில் கால் வராதவர் உட்கார்ந்து வழி சொல்ல, ஊர் ஊராகப் போனார்கள். ஒருவர் வெண்பாவின் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர் முடிப்பார். ஏகாம்பரநாதர் உலா பாடியவர்கள். துவைக்கிற துணி தண்ணீரோடு போனாலும் அதை வைத்து ஒரு வெண்பா, ஒரு கிண்டல். அங்கே சிரிப்பு அவர்கள் கையில் இருக்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் ஒரு சினிமா வழக்கில் இந்த வித்தியாசத்தைத்தான் சொன்னது: மாற்றுத்திறனாளிகளைப் புரிந்துகொள்ள வைக்கும் நகைச்சுவை வேறு, இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு. பயப்பட வேண்டாம், நான் கேஸ் போடப்போவதில்லை. அந்த மிஸ் கெட்டவரும் இல்லை. ஆனால் "வேணும்ணே பண்ணலை" என்பதை மட்டும் பதிலாகச் சொல்லாதீர்கள். வேண்டுமென்றே செய்திருந்தால் ஒருவரோடு சண்டை போட்டு முடித்திருப்பேன். யாருக்கும் தோன்றவே இல்லை என்பதுதான் வலிக்கிறது. என் கையிலிருந்தே வாங்கிப் போனார்கள், அப்போதும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை கட்டை திரும்பி வந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்து, மேலே மண்டையோட்டுப் படம் ஒட்டியிருந்தார்கள். கோத்தகிரியில் இந்த வாரம் விடாமல் மழை, ஈரத்தில் சாக்கெட் உரசி தோல் புண்ணாகிவிட்டது, செயற்கைக் காலை மாட்ட முடியாமல் அந்தக் கட்டையோடுதான் கடைக்குப் போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டையின் அக்குள் முழுக்கக் கறுப்பு. மகள் சட்டையையும் பார்த்தாள், கட்டையையும் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போய் அவள் அம்மாவிடம் பத்து ரூபாய் வாங்கி உப்புத்தாள் வாங்கி வந்தாள். நான் இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து திண்ணையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கைப்பிடி வரைக்கும் மரம் தெரிகிறது.