கழற்றச் சொன்னார்கள், இறங்கினோம்

மூன்று நாட்கள் பேசாமல்தான் இருந்தேன். திருவிழாவில் என் சிலம்பப் பிள்ளைகள் தலைக்கவசத்தோடு ஆட வந்ததையும், அதைக் கழற்றச் சொன்னதையும் காணொளியில் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், கீழே எழுதியும் விட்டீர்கள். "ஹெல்மெட் இருக்கிறது, மோட்டார் சைக்கிள் எங்கே?" என்று கேட்ட தம்பிக்கு நானே சிரிப்புக் குறி போட்டேன். நன்றாகத்தான் கேட்டார். ஆனால், ஓர் அண்ணன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "கழற்றிவிட்டு ஆடுவதென்றால் ஆடுங்கள், இல்லாவிட்டால் இறங்குங்கள்" என்று சின்னப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கினோம். அடுத்த வருடம் சொன்னாலும் இறங்குவோம்.

தலையில் கவசம் இருந்தால்தான் தலையில் உண்மையாக அடிக்க முடியும். நான் சொல்வது இவ்வளவுதான். கவசமில்லாத இருவர் மோதும்போது, கம்பு தலைக்கு ஒரு முழம் இருக்கையிலேயே கை தானாகத் தளர்ந்துவிடுகிறது. எதிரே நிற்பவனுக்கும் அது தெரியும், அதனால் விலகாமலே நிற்கிறான். விசிலடிக்க நன்றாக இருக்கும். அது அலங்காரச் சிலம்பம். அழகானது, அதையும் நான் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்குப் போர்ச் சிலம்பம் என்று பெயர் வைக்காதீர்கள்.

"இது வெளிநாட்டுக்காரன் பழக்கம்" என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். சரி, வெளிநாட்டுக்காரனையே பார்ப்போம். மரவாளால் முழு வேகத்தில் அடித்தால் எலும்பு முறியும் என்று ஜப்பானில் 18ஆம் நூற்றாண்டிலேயே முகக்கூண்டும் மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய வாளும் பயிற்சிக்கு வந்துவிட்டன. இன்றைய கெண்டோ என்ற வாள் விளையாட்டு அந்த வழியில் வந்தது. நான்கு பட்டைகளில் ஒன்று பிளந்திருந்தாலும் அந்த வாளை எடுக்க மாட்டார்கள், சிராய் கூண்டுக் கம்பிக்குள் புகுந்து கண்ணில் ஏறும் என்பதால். 1982இல் ரோமில் நடந்த உலக வாள்வீச்சுப் போட்டியில், ஒலிம்பிக் தங்கம் வென்ற விளாதிமிர் ஸ்மிர்னோவின் முகமூடியை எதிராளியின் முறிந்த வாள் துளைத்தது. அவர் இறந்துபோனார். அதன் பிறகு முகமூடியையும் வாளின் உருக்கையும் மாற்றினார்கள். நாம்? மூங்கில் பிளந்தால் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டு ஆடுகிறோம். பிரம்பு அடிபட்டால் நார்நாராக உரியும், காய்ந்த மூங்கில் பிளந்தால் கத்தி. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

என் இடக்கைச் சுட்டுவிரல் முழுதாக மடங்காது. பத்தொன்பது வயதில், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் கையுறையில்லாமல் ஆடியபோது, எதிராளியின் கம்பு என் கம்பில் வழுக்கி விரலில் இறங்கியது. அழாதே என்றார்கள், அழவில்லை. கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் இப்போது கொழும்பில் இருக்கிறார்கள், விரல் என்னிடம் இருக்கிறது. என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி நாளைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக நேர்ந்தால் (நேரக்கூடாது என்றுதான் நானும் கும்பிடுகிறேன்) மடங்காத விரலோடு எத்தனை கிலோ பறிப்பாள்? அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். மீதி அரைப்பேரை ஒலிவாங்கி அண்ணன் கொண்டுவந்து தருவாரா?

"கவசம் போட்டால் பயம் விட்டுப்போகும், அடி வாங்கிக்கொண்டே பாய்வார்கள்" என்கிறார்கள். இது உண்மை. பார்த்திருக்கிறேன். அதனால்தான் இருவருக்கும் ஒரே நேரத்தில் அடி விழுந்தால் இருவருக்கும் புள்ளியில்லை என்று வைத்திருக்கிறேன். தலையில் பலமாகப் பட்டால் அந்தப் பிள்ளைக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. கவசம் மண்டையைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. இந்த இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். மற்ற எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"தாத்தா காலத்தில் கவசமா இருந்தது?" இல்லை ஐயா. என் தாத்தா கம்பு நுனியில் கரியைத் தடவிவிட்டு, உடம்பில் எங்கே கறுப்பு விழுந்தது என்று பார்ப்பார். தொட்டாலே போதும் அவருக்கு. கொழுந்து பறிக்க மலையில் ஏறும் பெண்கள் செடி கீறாமலிருக்க இடுப்பில் படங்கு (தடித்த விரிப்பு) கட்டுகிறார்களே, அவர்களை யாராவது கோழை என்றீர்களா?

தலைக்கவசம் வேண்டும் என்று திருவிழா நடத்துபவர்களிடம் தை மாதமே கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். பார்த்தார்கள்: லைட் செட் வந்தது, ஸ்பீக்கர் வந்தது, விருந்தினருக்கு ஆளுயர மாலை வந்தது. அதே விருந்தினருக்காகப் பிள்ளைகளைத் தீப்பந்தம் சுற்றச் சொன்னபோது மரபைப் பற்றி ஒருவருக்கும் கவலை வரவில்லை. பிள்ளைகள் கட்டியிருந்தது நைலோன் துணியா என்றுகூட யாரும் கேட்கவில்லை. படம் எடுக்கத்தான் நம் பிள்ளைகள். பதினொரு வருடமாக ஒரு சதம் வாங்காமல் கற்றுக்கொடுக்கிறேன், "ஹெல்மெட் வியாபாரி" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வியாபாரியின் கையிருப்பு: பழைய கிரிக்கெட் தலைக்கவசம் நான்கு. பிள்ளைகள் பதினான்கு பேர். கம்பி இடைவெளிக்குள் நுனி நுழையாதபடி பிரம்புக்கு ஸ்பொஞ்சும் துணியும் சுற்றி வைத்திருக்கிறோம். ஹட்டன் பக்கம் யாருடைய வீட்டுப் பரணிலாவது கிரிக்கெட் கையுறை கிடந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தைத்துக்கொள்கிறோம்.