அப்பாவின் முகத்தை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டார்கள்

துணியில் அச்சிட்டு, மூன்று பலகைகளாகப் பிரித்து, மரச்சட்டங்களில் இழுத்துப் பொருத்திச் சுவரில் மாட்டும் கேன்வாஸ் படத்துக்காகத் தருமபுரியில் ஒரு பிரிண்டிங் கடையில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, பத்து நாள் நடையாய் நடந்து, நேற்று மாலை அதை வாங்கிவந்து உறையைப் பிரித்தபோது வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஒகேனக்கல்லில் அப்பாவும் அம்மாவும் பரிசலில் உட்கார்ந்திருக்கும் படம் அது. அப்பாவின் முழங்கால் இருக்கும் நிலையில், அவர் இனியொரு முறை பரிசலேறுவது நடக்காத காரியம்.

படத்தை நேராக நின்று பார்த்தால் இடப்பக்கப் பலகையில் அவருடைய ஒரு காது இருக்கிறது, நடுப்பலகையில் மற்றொரு காது இருக்கிறது. கண்களும் மூக்கும் எங்கே என்று தேடினால், இரண்டு மரச்சட்டங்களின் ஒன்றரை அங்குல விளிம்புகளில் மடிந்து, பலகைகளுக்கு நடுவில் விட்ட இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இது எப்படி நடந்தது என்பதைக் கணக்குப் போட்டாலே புரியும். 48 அங்குல அகலப் படத்தை 16 அங்குலமாக மூன்று துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டின் இரு ஓரத்தையும் ஒன்றரை அங்குலம் சட்டத்தின் பக்கவாட்டில் மடித்தால், முன்புறம் மிஞ்சுவது 13 அங்குலம்தான். மொத்தத்தில் 9 அங்குலப் படம் விளிம்புகளுக்குப் போய்விடுகிறது. அதிலும் ஒவ்வொரு சந்திலும் 3 அங்குலம் விழுங்கப்படுகிறது. மேலும் கீழும் இதே கதி என்பதால் 24 அங்குல உயரம் 21 ஆகிவிட்டது. முன்புறம் 16 அங்குலம் வேண்டுமென்றால் பக்கங்களையும் சேர்த்து 19 அங்குலத்துக்கு அச்சிட்டு, பின்னால் மடித்துப் பின் அடிக்கத் தனியாகத் துணி விட வேண்டும். விளிம்புக்குப் படத்தின் ஓரத்தையே கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போடலாம், ஒற்றை நிறமும் கொடுக்கலாம். இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

படம் எடுப்பவர்கள் முக்கியமான ஆளைப் படத்தின் நட்டநடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைப்பது வழக்கம். நானும் அப்படித்தான் எடுத்திருந்தேன். மூன்று பலகைப் படத்தில் வெட்டு விழுவதும் சரியாக அதே கோட்டில்தான். அப்படியானால் வெட்டுவதற்கு முன் முகம் எங்கே விழுகிறது என்று ஒரு முறை பார்த்து, இடப்பக்கத்தில் இருந்த வெறும் பாறையைக் கொஞ்சம் குறைத்திருந்தால் அப்பா முழுதாக இடப்பலகைக்குள் வந்திருக்க மாட்டாரா, வலப்பக்கத் தண்ணீரைக் குறைத்திருந்தால் நடுப்பலகைக்குள் வந்திருக்க மாட்டாரா? வெட்டுக்கோடும் மடிப்புக்கோடும் போட்ட ஒரு மாதிரிப் படத்தை எனக்கு அனுப்ப ஐந்து நிமிடம் ஆகுமா?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 6000 பிக்ஸல் அகலமுள்ள அசல் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோனேன். அதைச் செருகக்கூட மனமில்லாமல், "வாட்ஸப்ல போட்டுடுங்க சார்" என்றார்கள். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லியிருந்தாலாவது அசல் அப்படியே போயிருக்கும். சாதாரணப் படமாகப் போனதால் அது சுமார் 1600 பிக்ஸலாகச் சுருங்கிவிட்டது. 48 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 33 பிக்ஸல். அசலில் 125 கிடைத்திருக்கும். அருவியின் சாரல் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

கேட்டதற்கு, "நீங்க கொடுத்த படம் அப்படி" என்கிறார்கள். மறுபடி அச்சிடப் பாதிப் பணமும் கேட்கிறார்கள். ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன். அசல் கோப்போடு நாளைக் காலை அந்த மூன்று பலகைகளையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறேன். கோடு போட்ட மாதிரியை என் கண்ணால் பார்க்காமல் அங்கிருந்து நகர மாட்டேன்.