மாணவர்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்கிறோம், பொறுப்பைக் கொடுக்கிறோமா?

பல்கலைக்கழகங்களில் மாணவத் தன்னார்வலர்களுக்கும், வளாகத்திலேயே பகுதிநேரமாக வேலை பார்க்கும் மாணவர்களுக்கும் தலைமைத்துவப் பயிற்சி நடத்துவது இப்போது பரவலாகிவிட்டது. நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பல இடங்களில் அது நடக்கிற விதம் வருத்தமாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை, ஓர் அரங்கம், வெளியிலிருந்து ஒரு பேச்சாளர், தன்னம்பிக்கை பற்றி நீளமான உரை, கொஞ்சம் குழு விளையாட்டு, சான்றிதழ், குரூப் போட்டோ. திங்கட்கிழமை அந்த மாணவர் தன் டூட்டிக்குத் திரும்பும்போது அங்கே எதுவும் மாறியிருக்காது. போன வாரம் யாரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தாரோ, இந்த வாரமும் அவரிடமே கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவர்களை வரவேற்கும் நாளில் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். பதிவு மேசையில் இரண்டாமாண்டு மாணவி ஒருவர். தன்னார்வலர் குழுவின் தலைவி என்று அடையாள அட்டையில் போட்டிருக்கிறது. கையில் இருந்த பட்டியல் விண்ணப்ப எண் வரிசையில் இருந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் விண்ணப்ப எண் நினைவில்லை. ஒவ்வொரு பெயரையும் முதல் பக்கத்திலிருந்து தேட வேண்டிய நிலை. வரிசை வாசலைத் தாண்டிப் போய்விட்டது. பெயரின் முதல் எழுத்தை வைத்து மூன்று மேசையாகப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று அந்தப் பெண்ணுக்கு உடனே தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் அவர் அதைச் சொல்வதும் என் காதில் விழுந்தது. ஆனால் பட்டியலை மாற்றி அச்செடுக்க அலுவலர் ஒருவரின் அனுமதி வேண்டும். அவர் போனை எடுக்கவில்லை. வெயிலில் நின்ற பெற்றோர்கள் கோபத்தையெல்லாம் அந்தப் பெண்ணிடம்தான் காட்டினார்கள்.

அவருக்குத் தலைமைப் பண்பு இல்லையா? தாராளமாக இருந்தது. சிக்கல் எங்கே என்று கண்டுபிடித்தார், தீர்வும் சொன்னார், திட்டு வாங்கியபோதும் முகம் சுளிக்கவில்லை. அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: முடிவெடுக்கும் உரிமை. அதை எந்த ஒர்க்‌ஷாப்பும் கொடுக்க முடியாது, அவருக்கு மேலே இருப்பவர்தான் கொடுக்க முடியும். என்னென்ன விஷயங்களில் மாணவர் கேட்காமலே முடிவெடுக்கலாம், எதைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், எதில் கையே வைக்கக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி முன்கூட்டியே கையில் கொடுத்திருந்தால் அன்றைக்கு அந்த வரிசை சீக்கிரமே கரைந்திருக்கும்.

தலைமை என்பது பதவி அல்ல, சேர்ந்து செய்யும் செயல் என்பது இந்தத் துறையில் ஏற்கெனவே நிலைபெற்ற கருத்து. அமெரிக்காவில் ஹெலன் ஆஸ்டின், அலெக்சாண்டர் ஆஸ்டின் தலைமையில் ஒரு குழு 1990களில் கல்லூரி மாணவர்களுக்காகவே உருவாக்கிய சமூக மாற்றத் தலைமை மாதிரி இதைத்தான் சொல்கிறது. தன்னை அறிதல், சொல்லும் செயலும் ஒன்றாக இருத்தல், ஈடுபாடு, கூட்டாகச் செயல்படுதல், பொது நோக்கம், நாகரிகத்தோடு முரண்படுதல், குடிமைப் பொறுப்பு என்று ஏழு விழுமியங்களை அது முன்வைக்கிறது. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது நாகரிகத்தோடு முரண்படுதல். நம் பயிற்சிகளில் அதற்கு இடமே இருப்பதில்லை. எல்லோரும் கைதட்டி, எல்லோரும் ஒத்துப்போய், சிரித்த முகத்தோடு கலைந்து போகிறோம்.

இந்த மாதிரியை அடிப்படையாக வைத்து 2006இல் 52 கல்வி நிறுவனங்களில், 50,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆய்வாளர்கள் ஜான் டூகனும் சூசன் கோமிவெஸும் முன்னின்று நடத்தியது. மாணவர்களின் தலைமைத் திறனோடு மிக வலுவாகத் தொடர்புடையதாக அதில் தெரியவந்தது என்ன தெரியுமா? தங்களிடமிருந்து மாறுபட்ட பின்னணியும் கருத்தும் கொண்ட சக மாணவர்களோடு மனம்விட்டுப் பேசுவது. அரங்கத்தில் வரிசையாக உட்கார்ந்து கேட்கும்போது அது எப்படி நடக்கும்?

தன்னார்வலர்களையும் மாணவப் பணியாளர்களையும் ஒரே பயிற்சியில் சேர்த்து உட்கார வைக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பேரும் ஒரே வளாகத்தில் இருந்தாலும் அவர்கள் வாழ்க்கை வேறு. தன்னார்வலர் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே வராமல் நின்றுவிடலாம். அதனால் தன்னார்வலர் குழுவை நடத்துபவர் யாரையும் அதட்ட முடியாது, பேசிப் பேசித்தான் வேலை வாங்க வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மாணவரோ ரோஸ்டரில் பெயர் இருந்தால் வந்தாக வேண்டும். அவர் கற்றுக்கொள்வது நேரம் தவறாமை, பதிவேடு, கோபமாக வரும் ஆளை எதிர்கொள்வது, இருந்த இடத்திலிருந்து ஓடிவிடாமல் ஷிப்டை முடிப்பது. ஒருவரிடம் இருப்பது இன்னொருவரிடம் இல்லை. பேச விட்டால் போதும், தானாகப் பரிமாறிக்கொள்வார்கள்.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? தலைமைப் பயிற்சிக்குப் பெயர் கேட்கும்போது மன்றத் தலைவர்களும் விழாக் குழுவினரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். நூலக மேசையில் இரவு ஷிப்ட் பார்க்கும் பையனை யாரும் நினைப்பதில்லை. அவன் செய்வது ‘வேலை’, இவர்கள் செய்வது ‘தலைமை’ என்று நாமாகவே பிரித்துவிட்டோம். இதில் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. குடும்பச் சூழல் காரணமாகச் சம்பாதித்துக்கொண்டே படிக்க வேண்டிய மாணவருக்கு மன்றம், விழா, முகாம் என்று சுற்ற நேரம் கிடையாது. நேரமும் வசதியும் இருப்பவர்களுக்கே பொறுப்பும், பயிற்சியும், பரிந்துரைக் கடிதமும் போய்ச் சேருகின்றன. உழைக்கிற மாணவர் படிப்பை முடிக்கும்போது தன் தற்குறிப்பில் ‘நூலக உதவியாளர்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார். தேர்வுக் காலத்தில் இரவு நேரத்தில் தனி ஆளாக ஒரு தளத்தையே சமாளித்தது அவருக்கே ஒரு திறமையாகத் தெரிவதில்லை.

அதைத் தெரிய வைக்க வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 2009 முதல் மாணவப் பணியாளர்களுக்காக ஒரு முறையைக் கடைப்பிடித்து வருகிறது. மேற்பார்வையாளர் பருவத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு மாணவருடனும் உட்கார்ந்து சிறிது நேரம் பேசுகிறார். நான்கு கேள்விகள்தான். இந்த வேலை உன் படிப்போடு எப்படி ஒத்துப்போகிறது? இங்கே கற்றது படிப்பில் எங்கே உதவுகிறது? வகுப்பில் கற்றது இங்கே எங்கே உதவுகிறது? நாளை நீ போகப்போகும் தொழிலுக்கு இங்கிருந்து எதை எடுத்துக்கொண்டு போவாய்? மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணக் கேள்விகள். ஆனால் தன் வேலையைப் பற்றி யாருமே எதுவும் கேட்டிராத ஒரு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் ‘ஒன்றும் இல்லை’ என்பார். கொஞ்சம் பொறுத்திருந்தால் பேச ஆரம்பிப்பார். பேசப் பேசத்தான் தான் செய்தது என்னவென்று அவருக்கே பிடிபடும்.

சரி, அந்தச் சனிக்கிழமைப் பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுக்கலாம்? என்னைக் கேட்டால் ஒரே விஷயத்துக்குப் பாதி நாளை ஒதுக்குவேன்: நண்பனைக் கண்டிப்பது எப்படி. மாணவத் தலைவர்கள் தடுமாறுவது மேடைப் பேச்சில் அல்ல, இங்கேதான். நேற்று வரை ஒரே அறையில் இருந்தவன் இன்று இரண்டாவது முறையாக டூட்டிக்கு வரவில்லை. அவன் வேலையையும் சேர்த்துச் செய்தவள் முணுமுணுக்கிறாள். தலைவர் என்ன செய்கிறார்? பேசத் தயங்கி, வாட்ஸ்அப் குழுவில் ‘எல்லோரும் நேரத்துக்கு வாருங்கள்’ என்று பொதுவாகப் போடுகிறார். ஒழுங்காக வருகிறவர்களுக்குக் கோபம் வருகிறது, வராதவனுக்கு உறைப்பதே இல்லை. இதற்குத் தனியாக அழைத்து, நடந்ததை மட்டும் சொல்லி, காரணம் கேட்டு, அடுத்த முறை என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டு எழுந்திருக்கத் தெரிய வேண்டும். கேட்டுவிட்டு வந்தால் வராது, வாய்விட்டுப் பேசிப் பழக வேண்டும். இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவர் சாக்குச் சொல்ல, மற்றவர் விடாமல் பேச, மூன்றாமவர் கவனித்துச் சொல்ல, அப்புறம் இடம் மாறி இன்னொரு முறை. முதல் தடவை எல்லோருமே சிரித்து மழுப்புவார்கள், மூன்றாவது தடவையில் குரல் மாறிவிடும்.

பயிற்சி முடிந்ததும் படிவம் கொடுத்து ‘பிடித்திருந்ததா’ என்று கேட்டுவிட்டு, அதையே வெற்றிக்குச் சான்றாக அறிக்கையில் சேர்ப்பதும் மாற வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959லேயே பயிற்சியை மதிப்பிட நான்கு நிலைகளைச் சொல்லிவிட்டார். பங்கேற்றவர் எப்படி உணர்ந்தார், என்ன கற்றார், வேலையில் அவர் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் என்ன விளைவு. நாம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் போதும். அவர் இப்போது எந்த முடிவைத் தானாக எடுக்கிறார்? அவருக்குக் கீழே இருக்கும் ஜூனியர் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறார்? அடுத்த ஆண்டு வருகிறவருக்காக ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்வி சின்னதில்லை. மாணவர் குழுக்களில் ஒவ்வோர் ஆண்டும் நன்றாக வேலை தெரிந்தவர்களே படிப்பை முடித்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். அவர்களோடு எல்லாம் போய்விடுகிறது. புதிதாக வருபவர் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்.

ஆகவே இப்படிப் பயிற்சி நடத்துகிற அலுவலர்களிடமும் பேராசிரியர்களிடமும் மூன்று விஷயங்களைக் கேட்கிறேன். மாணவப் பணியாளர்கள் பயிற்சியில் இருக்கும் நேரத்தை வேலை நேரமாகவே கணக்கில் எடுத்துச் சம்பளம் கொடுங்கள். இல்லையென்றால் அவர்கள் வரமாட்டார்கள், வரவும் முடியாது. ஒவ்வொரு மாணவரும் பயிற்சியை முடிக்கும்போது, தானே முடிவெடுத்து நடத்த வேண்டிய ஒரு வேலையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது, மாணவரின் பெயரோடு அவருடைய மேற்பார்வையாளரின் பெயரையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். முதல் அமர்வு மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் இருக்கட்டும். எந்த முடிவுகளை மாணவரிடம் விடப்போகிறார்கள் என்பதை அந்த அமர்விலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத பிரிவு அடுத்த ஆண்டு சேர்ந்துகொள்ளட்டும்.