கேம் டிசைன் படிக்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டுமா?

மட்டக்களப்பில் வேலையும் இல்லை, மென்பொருளும் பெரிய விலை, கொழும்பில் லட்சக்கணக்கில் கட்டி டிகிரி முடித்தால்தான் கேம் டிசைனர் ஆகலாம் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். ஏஎல் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிற பிள்ளைகள் இதை நம்பிவிடக் கூடாது.

விலைக் கதை பிழை. கேம் செய்கிற மென்பொருளான கோடோ முழுக்க இலவசம், 2014 முதல் திறந்த மூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்). 2டி கேமுக்குப் பழைய லேப்டாப்பே போதும். 3டி உருவங்கள் செய்கிற பிளெண்டரும் இலவசம்தான்.

டிகிரி வேண்டாம் என்று சொல்லவில்லை, வெளிநாட்டு விசாவுக்கு உதவும். ஆனால் டிசைனர் வேலைக்கு நீங்கள் செய்து முடித்த கேம்கள்தான் பேசும். பாதியில் விட்ட பெரிய கேமைவிட ஐந்து நிமிடத்தில் ஆடி முடிக்கிற சின்னது மேல். டிசைன் என்றால் படம் கீறுவது அல்ல, விதிகளை அமைப்பது. கொம்புகளை மாட்டி இழுத்து முறிக்கிற நம் ஊர்க் கொம்புமுறி விளையாட்டையே எடுங்கள். வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சி; அதைக் கடதாசியில் இருவர் ஆடும் விளையாட்டாக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் சலிக்கிறது என்று உடனே தெரியும் (என் தங்கச்சி முகத்திலேயே காட்டிவிடுவாள்). அப்புறம் கோடோவில் செய்து, கேம்களை வெளியிடுகிற இட்ச்.ஐஓ தளத்தில் ஏற்றுங்கள், கட்டணம் இல்லை. ஸ்டீம் என்ற பெரிய கேம் விற்பனைத் தளத்தில் போடத்தான் ஒரு கேமுக்கு 100 டாலர்.

ஊரிலேயே ஸ்டூடியோ வேலை கிடைப்பது கஷ்டம் என்பது மட்டும் சரி, அண்ணா.