இதனால என்ன யூஸு?

மூன்று நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்கள் அபார்ட்மென்ட் பொங்கல் விழாவில், குழந்தைகள் கம்ப்யூட்டரில் செய்ததைக் காட்டும் போட்டியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு அந்த வீடியோ எப்படியும் வந்திருக்கும். ஆமாம், மேசைக்குப் பின்னால் லேப்டாப்போடு நிற்பவன் என் மகன்தான். நடுவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, எல்லாஞ் செரி, இதனால என்ன யூஸு?" என்று கேட்டதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள் இல்லையா, அந்தச் சிரிப்பில் என் குரலும் இருக்கிறது. மரியாதைக்குச் சிரித்தேன். அதுதான் மூன்று நாளாக உறுத்துகிறது.

பையன் செய்தது என்ன என்று வீடியோவில் சரியாகத் தெரியாது. ஸ்கிராட்ச் என்று குழந்தைகள் புரோகிராம் எழுதிப் பழக ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007-இல் வெளியிட்டது, இலவசம். டைப் அடிக்க வேண்டாம். கலர் கலரான கட்டைகளை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டினால், திரையில் நிற்கும் ஆரஞ்சுப் பூனை அதன்படி நடக்கும். ஓரத்துக்குப் போனால் திரும்பி வரவென்றே தனிக் கட்டை உண்டு. இவன் அதை வேண்டுமென்றே எடுத்துவிட்டான். இவனுக்குப் பூனை சுவரில் முட்ட வேண்டும். முட்டினால் 'வலி' என்ற கணக்கில் ஒன்று ஏற வேண்டும். வலி பத்தானதும் பூனை "யம்மா!" என்று கத்த வேண்டும். (அந்த "யம்மா" என் மனைவியின் குரல். எப்போது பதிவு செய்தான் என்று அவளுக்கே தெரியாது.)

முதல் நாள், ஒரே முட்டில் பூனை கத்திவிட்டது. ஒரு தடவை முட்டினால் ஒன்றுதானே ஏற வேண்டும், எப்படிப் பத்து ஏறுகிறது? இரண்டு ராத்திரி இதே கவலை. எனக்கு விடை தெரியும், வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன், அது லேசான காரியமில்லை. மூன்றாம் நாள் ஹாலில் நடந்துபோய்ச் சுவரில் நெற்றியை வைத்து அப்படியே நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, "அப்பா, அது முட்டிட்டு அங்கயே நிக்குதுப்பா. நிக்கிற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்கு!" என்றான். முட்டியதும் இருபது அடி பின்னால் வரும்படி ஒரு கட்டையைச் செருகினான். சரியாகிவிட்டது.

இருபது வருடமாக இந்த வேலையைத்தான் செய்து சம்பளம் வாங்குகிறேன். இதே தப்பைச் செய்துவிட்டு, ஒரு ஆர்டருக்கு ஏழு எஸ்எம்எஸ் ஏன் போகிறது என்று இரண்டு நாள் முழித்த பெரிய மனிதர்கள் என் டீமிலேயே உண்டு. அவர்கள் யாருக்கும் எட்டு வயது இல்லை.

எட்டு வயதில் ஒரு பொருளால் யூஸ் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவ்வளவுதான் நான் சொல்ல வருவது. பட்டம் விடுகிற குழந்தையிடம் யாராவது இதைக் கேட்கிறோமா? மணல் வீடு கட்டுகிறவளிடம் வாடகைக்கு விடுவியா என்று கேட்கிறோமா? கம்ப்யூட்டரைத் தொட்டால் மட்டும் உடனே யூஸ், சர்டிபிகேட், பேக்கேஜ்.

முதல் பரிசு கால்குலேட்டர் ஆப்புக்குப் போனது. அந்தப் பாப்பா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சத்தியமாக. ஆனால் அதே ஆப், பொத்தான் நிறம் மட்டும் மாறி, பி பிளாக்கில் இன்னும் இரண்டு குழந்தைகளிடமும் இருந்தது. மூவருக்கும் ஒரே ஆன்லைன் வகுப்பு. "பூஜ்யத்தால வகுத்தா என்ன பாப்பா வரும்?" என்று கேட்டேன். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கேட்டிருக்கக் கூடாதுதான். அது அவளுக்கான கேள்வி இல்லை.

உடனே "பையன் ஜெயிக்கலைன்னு பொறாமை" என்பீர்கள். சரி, இருக்கட்டும். கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. எவர்சில்வர் டிபன் கேரியருக்காகப் பொறாமைப்படும் அளவுக்கு நான் இறங்கிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் நான் சொல்வது பொய்யாகிவிடுமா?

சாத்தூரில் ஆறாம் வகுப்பு, 1995. கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். மானிட்டருக்கு உறை, ஆயுத பூஜை சந்தனம் அடுத்த வருடம் வரை அழியாது. ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். எங்களுக்கு லோகோ என்ற புரோகிராமிங் மொழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். ரிபீட் 4, ஃபார்வர்ட் 100, ரைட் 90 என்று அடித்தால் திரையில் இருக்கும் ஆமை நகர்ந்து ஒரு சதுரம் போடும். நான்கை ஐந்தாக்கி, தொண்ணூறை 144 ஆக்கினால் நட்சத்திரம் வரும். அதை நானாகக் கண்டுபிடித்தேன். எப்படி என்றால், வீட்டு முற்றத்தில் ஆமை மாதிரி நானே நடந்து, திரும்பி, மறுபடி நடந்து. மறுநாள் லேபில் அடித்துக் காட்டியபோது சார், "சிலபஸ்ல இருக்கிறத மட்டும் அடிடா" என்றார். நட்சத்திரத்தை அழித்துவிட்டுச் சதுரம் போட்டேன். பரீட்சையில் சதுரம்தான் வந்தது, முழு மார்க்.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, லோகோவை 1967-இல் உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் விரும்பியதே அதைத்தான் என்று. குழந்தை ஆமையின் இடத்தில் தன்னை வைத்து, தன் உடம்பால் யோசிக்க வேண்டும் என்றார் அவர். என் மகன் சுவரில் நெற்றியை வைத்து நின்றபோது எனக்கு அந்த முற்றம்தான் ஞாபகம் வந்தது. இதெல்லாம் நடுவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. "எப்படிடா பண்ணின?" என்று கேட்டிருக்கலாம். அந்த ஒரு கேள்விக்கு அரைமணி நேரம் பதில் வைத்திருந்தான்.

"அப்போ கிளாஸே வேணாமா? நீ ஐடில இருக்க, வீட்லயே சொல்லித் தருவ, நாங்க என்ன பண்றது?" நியாயமான கேள்வி. நான் சொல்லித்தந்தது மொத்தம் ஒரு மணி நேரம்கூட இருக்காது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத குழந்தை என்ன செய்யும் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் லேப்டாப் வாங்கி, வகுப்புக்கும் பணம் கட்டிவிட்டு இதைக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: பக்கத்தில் உட்காருங்கள். தெரியாது என்று சொல்லுங்கள். அவன் கண்டுபிடிக்கட்டும். இன்னொன்று, நம் மாநிலப் பாடத்திட்டத்திலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று புரோகிராமிங் மொழிகள் இருக்கின்றன. எட்டு வயதில் என்ன ரயிலா போய்விடப் போகிறது?

"இனிமே ஏஐ எல்லாத்தையும் எழுதிடும்." எழுதட்டும். பூனை முட்ட வேண்டும் என்ற ஆசை ஏஐக்கு வருமா? "ஸ்கிரீன் டைம்?" அது உண்மை, அதில் நானும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற பெண் செய்வதும் இந்த மாதிரி வேலைதான், ஒரே வளைவைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பெரிதாக்குவது. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் 1974-லேயே கணினியியல் இலக்கணத்தை, அதாவது எதை எதோடு எப்படிச் சேர்க்கலாம் என்ற விதிகளை, வைத்துக் கோலத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள். (இதை எடுத்து "நம் பாட்டிகளே முதல் புரோகிராமர்கள்" என்று வாட்ஸப்பில் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவேன்.) கோலத்தால் என்ன யூஸ் என்று எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

பெற்றோரை மட்டும் குறை சொல்லவில்லை. ஊரடங்குச் சமயத்தில், 2020-இல், ஒரு சின்னப் பையன் செய்த ஆப்புக்காக அவன் வீட்டு வாசலில் முதலீட்டாளர்கள் அடித்துக்கொள்கிற மாதிரி விளம்பரம் ஓடியது ஞாபகம் இருக்கிறதா? குழந்தைகளுக்கு ஆன்லைன் கோடிங் வகுப்பு நடத்திய அந்த கம்பெனியின் சில விளம்பரங்களை எடுக்கச் சொல்லும் அளவுக்குப் போனது. அவர்கள் விற்றது பாடத்தை அல்ல, பயத்தை. உன் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயம்.

அந்தப் பயம் எனக்குத் தெரியும். 2001-இல் பிளஸ் டூ முடித்ததும் அப்பா என்னை ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்தார். பீஸ் 18,000 ரூபாய். பலசரக்குக் கடையில் அவ்வளவு எங்கே இருக்கும்? அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. ஒன்றுதான் திரும்பி வந்தது. பொன்னிற பார்டர் போட்ட சர்டிபிகேட் இன்னும் பீரோவில் இருக்கிறது, இதுவரை ஒரு இன்டர்வியூவிலும் யாரும் அதைக் கேட்டதில்லை. அப்பாவைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அவரும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார், "இதுனால வேலை கெடைக்குமாய்யா?" என்று. அவருக்கு அதைக் கேட்க உரிமை இருந்தது. மூன்று படுக்கையறை வீடும் இரண்டு காரும் வைத்துக்கொண்டு, எட்டு வயதுப் பையனிடம் அதையே கேட்க நமக்கு என்ன இருக்கிறது?

நடுவர் அண்ணன் இதைப் படிப்பார் என்று தெரியும். உங்கள் மேல் கோபம் இல்லை அண்ணா. இருக்கிறது, கொஞ்சம். என் மேல்தான் அதிகம்.

விழா முடிந்து வந்ததிலிருந்து அவன் பூனையைத் திறக்கவில்லை. நேற்று ராத்திரி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சரி, எல்லாம் மறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

"அப்பா, கால்குலேட்டர் எப்படிப்பா பண்றது?" என்றான்.